எல்லைப்புறத்துக் கோயிலும் பங்கு மக்களும்: ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதி பற்றிய ஓர் ஆராய்ச்சி

கோயில் என்னும் சொல்லைக் கோ, இல் எனப் பிரித்து அரசனது இல்லம் எனப் பொருள் காண்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. சங்கச் செய்யுட்களில் இச்சொல் பெரிதும் வேந்தன் மனையையே குறித்து நின்றது. நெடுநல்வாடையில் மனைநூல் வல்லார் நாளும் திசையும் நோக்கி அளந்து வகுத்ததாகக் கூறப்படும் கட்டடமும் அரசன் பெருமனையே. சிலப்பதிகாரக் காலத்தில் அரண்மனையும் தெய்வம் உறையும் இடமும் ஒரே சொல்லால் வழங்கக் காண்கிறோம். பின்னர் முதற்பொருள் தேய்ந்து இரண்டாம் பொருளே நிலைத்தது. எனினும், சொல்லின் ஈற்றில் நிற்கும் 'இல்' என்னும் பகுதி மறையவில்லை. இறைவன் உறையும் இடத்தைத் தமிழர் வீடு என்றே கருதினர்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் தம் வழிபாட்டிடத்தைக் குறிக்க இச்சொல்லையே மேற்கொண்டனர். மலையாள நாட்டுக் கிறித்தவர் 'பள்ளி' என்ற சமண பௌத்த வழக்கைக் கொண்டனர். சீர்திருத்தத் திருச்சபையார் ஆலயம், தேவாலயம் என்னும் வடசொற்களை மிகுதியும் ஆண்டனர். கத்தோலிக்கச் சிற்றூர்களிலோ இன்றும் 'கோயிலுக்குப் போதல்', 'கோயில் மணி', 'மாதா கோயில்' என்பனவே பேச்சு வழக்கு. கோயிற் பணிவிடை செய்பவர் 'கோயிற்பிள்ளை' எனப்பட்டார். அப்பெயர் மக்கட் பெயராகவும் வழங்கலாயிற்று. பணியாளரை வீட்டுப் பிள்ளையாக்கிய இவ்வழக்கு எண்ணி மகிழ்தற்குரியது.

ஈண்டு மற்றொரு வேறுபாட்டையும் நோக்குதல் வேண்டும். கிரேக்க மொழியில் 'எக்ளேசியா' என்னும் சொல் முதலில் கூடிய மக்களைக் குறித்ததேயன்றிக் கட்டடத்தைக் குறித்ததன்று. அது இலத்தீனிற் புகுந்து, போர்த்துகீசியத்தில் 'இக்ரேசா' என்றாகி, மக்களையும் கட்டடத்தையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. ஆங்கிலத்துச் 'சர்ச்' என்பதும் இவ்விரண்டையும் குறிக்கும். ஆயின் அதன் மூலம் ஆண்டவனுக்குரியது என்னும் பொருளுடைய மற்றொரு கிரேக்கச் சொல் என்பர். தமிழர் இவ்விரு பொருளையும் இரு சொல்லாற் பிரித்தனர். மக்கள் திருச்சபை, கட்டடம் கோயில். பிரித்தமையால் ஒரு வினாவும் எழுகின்றது. சபை முன்னதா, கோயில் முன்னதா? மக்கள் கூடியபின் வீடு எழுந்ததா, வீடு எழுந்தபின் மக்கள் ஒரு குடியாயினரா? இவ்வினாவுக்குப் பழைய சிற்றூர்கள் தரும் விடை ஒன்று. ஓசூர் போன்ற தொழில் நகரம் தரும் விடை வேறு. இவ்வேறுபாட்டை வரலாற்று வழியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தை அறிவோம். இன்றைய கிருட்டிணகிரி மாவட்டமும் தருமபுரி மாவட்டமும் பழைய தகடூர் நாட்டையும் அதன் வடக்கெல்லையையும் உள்ளடக்கியவை. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரால் தமிழிலக்கியம் அறிந்த நாடு இது. பிற்காலத்தில் பாராமகால் எனப் பெயர் பெற்று மைசூர் அரசின் கீழ் இருந்தது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலக் கம்பெனியார் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799-இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. இரண்டும் சேலம் மாவட்டத்தில் அடங்கின. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004-இல் அதனின்று கிருட்டிணகிரி பிரிந்தது. ஓசூரின் பழம் பெயர் செவிடபாடி எனக் கல்வெட்டுக்களால் அறிகிறோம். இன்றைய பெயரோ கன்னடத்தில் புதிய ஊர் என்னும் பொருள் தருவது. நம் வழக்கிற் சொல்வதாயின் புதூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது.

கத்தோலிக்கச் சமய வரலாற்றிலும் இப்பகுதி இருபுறத்துக்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. தெற்கிலிருந்து மதுரை மிசன் பரவியது. தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையை விட்டுப் புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் வரை சென்றமை அம்மிசன் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. வடமேற்கிலிருந்து மைசூர் மிசன் வந்தது. இத்தாலிய இயேசு சபைத் துறவியாகிய லியோனார்தோ சின்னாமி 17-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சீரங்கப்பட்டணத்தை நிலைக்களனாகக் கொண்டு அதனைத் தொடங்கினார். கன்னடம் கற்று அம்மொழியில் நூலும் எழுதினார். காவிரியின் இருகரையிலும் தமிழ் பேசிய கிறித்தவர் இவ்விரு மிசன்களின் கவனிப்பில் பகுக்கப்பட்டனர். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் பாரிசு வேதபோதக சபையார் இப்பணியை ஏற்றனர். அச்சபையினராகிய ஆபே துபுவா 1792-இல் இந்தியா வந்து, 1799-க்குப் பின் மைசூர் நாட்டிற் சிதறிக் கிடந்த கிறித்தவரை ஒன்று சேர்த்தவர். அவர் இந்துக்களின் பழக்க வழக்கங்கள் பற்றி எழுதிய நூலைப் பலரும் அறிவர். அவர் சிதறிய பங்குகளை ஒட்ட வைத்த உழைப்பை நினைப்பவர் சிலரே.

1850-இல் புதுச்சேரியிலிருந்து மைசூரும் கோயம்புத்தூரும் தனி ஆட்சிப் பகுதிகளாகப் பிரிந்தன. 1930-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் சேலம் மறைமாவட்டம் தோன்றியது. கும்பகோணம், புதுச்சேரி, மைசூர் ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் நிலத்தைப் பகுத்து அஃது அமைக்கப்பட்டது. மூன்றிலிருந்தும் நிலம் கொள்ள நேர்ந்தமையே இவ்வட்டாரம் சமய ஆட்சியில் எத்துணைப் பிளவுபட்டிருந்தது என்பதற்குச் சான்று. பின்னர் 1997 சனவரி 24-இல் சேலத்தினின்று தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் அதன் எல்லை. இங்ஙனம் ஆட்சி மாறியும் எல்லை மாறியும் வந்த நிலத்தில் மக்களுக்கு மாறாது நின்றது தத்தம் ஊர்க் கோயில் ஒன்றே. ஆயர் புதுச்சேரியில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும் மணி அடித்தது அவ்வூர்க் கோபுரத்திலேதான்.

பழைய சிற்றூர்க் கோயிலின் இயல்பு யாது? தருமபுரியை அடுத்த கோவிலூர், கிருட்டிணகிரி மாவட்டத்து எலத்தகிரி போன்ற ஊர்கள் கத்தோலிக்கர் செறிந்து வாழும் ஊர்கள். கோயிலால் ஊர் பெயர் பெறுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கு, ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' இத்தகைய பெயர்களைத் தொகுத்துக் காட்டும். இவ்வகை ஊர்களில் மக்கள் முன்னரே உறவினர், நிலத்தால் பிணைந்தவர், ஒரே கிணற்றில் நீர் முகந்தவர். கோயில் அவர்களது உறவுக்கு மேல் ஏற்றிய கூரையாயிற்று. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி ஆகியவற்றை ஊரார் முறைவைத்து நடத்துவர். அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஒரே நாட்காட்டி. எனவே, ஈண்டுச் சபை முன்னது, கோயில் பின்னது. இவ்வூர்களில் எல்லாம் இணக்கமாகவே நடந்தது எனக் கொள்ளுதலும் தவறு. கோயிலுள் யார் எவ்விடத்து அமர்வது, தேர் எத்தெரு வழியே செல்வது, கல்லறையில் யார்க்கு எப்பகுதி என்னும் பூசல்கள் தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றை வாட்டின. சாதி வேறுபாடு கோயிற் கதவருகே கழன்று விழவில்லை. வீடு என்றால் பாகப் பிரிவினையும் உண்டு.

தொழில் நகரத்துக் கோயிலுக்கு வருவோம். ஓசூரை நோக்கித் தொழிலாளர் வந்தது திடீரென நிகழ்ந்ததாகப் பலர் கருதுவர். உண்மையில் இந்நெடுஞ்சாலையில் மக்கள் இருநூறாண்டுகளாக நடந்தனர். முன்னர் அவர்கள் ஓசூரைக் கடந்து அப்பாற் சென்றனர். பின்னர் ஓசூரிலேயே நின்றுவிட்டனர். அவ்வளவே வேறுபாடு.

அப்பாற் சென்றோர் கட்டிய கோயில்களில் இரண்டு நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும். ஒன்று பெங்களூர்ச் சிவாசிநகரில் உள்ள மரியன்னை கோயில். செஞ்சி வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் கிறித்தவர் அங்கே குடியேறிச் சிறு வழிபாட்டிடம் ஒன்று அமைத்தனர். அது 'காணிக்கை மாதா' கோயில் எனப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபே துபுவா அங்கே பணி புரிந்தார். இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரத்தையுடைய கோயில் 1882-இல் நிறைவுற்றது. 1974-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. மற்றொன்று கோலார்த் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பகுதியில் எழுந்த வெற்றி அன்னை கோயில். 1880 முதல் ஆங்கிலக் கம்பெனியார் தங்கச் சுரங்கங்களைப் பெருக்கியபோது வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே சென்றனர். நிலத்தின் அடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்க்கு நிலத்தின்மேல் நின்ற கோயில் எத்தகைய ஆறுதல் தந்திருக்கும் என்பதை விரித்துரைத்தல் வேண்டா. 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, கோயில் போகவில்லை. தொழில் ஒரு மக்கட் கூட்டத்தை ஓரிடத்திற் சேர்க்கும். அத்தொழில் நின்றபின் அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது பிறிதொன்றாதல் வேண்டும் என்பதற்குத் தங்கவயல் சான்று.

ஓசூரின் காலம் 1970-களில் தொடங்குகிறது. தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக்கென 1970-இல் ஏற்பட்ட சிட்கோ, பெருந்தொழில்கட்கென 1971-இல் ஏற்பட்ட சிப்காட் ஆகிய அரசு நிறுவனங்களுள் பின்னது ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்டு அங்கே தொழிற்சாலை தொடங்கியது. டி.வி.எஸ். நிறுவனத்தின் வண்டித் தொழிற்சாலையும், 1984-இல் நிறுவப்பெற்ற டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் தொடர்ந்து எழுந்தன. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்த் தொலைவில் இருந்தமையும் நிலம் எளிதிற் கிடைத்தமையும் இதற்குத் துணை புரிந்தன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,16,821. 2019-இல் அது மாநகராட்சியாயிற்று. மாவட்டத்தில் கிறித்தவர் நூற்றுக்கு இருவர் என்ற அளவை ஒட்டியே உள்ளனர். அவ்விருவருள்ளும் தொழில் தேடி வெளியூரிலிருந்து வந்தோர் பலர்.

இவர்கள் ஒரே கிணற்றில் நீர் முகந்தவர் அல்லர். ஒருவர் நாஞ்சில் நாட்டினர், ஒருவர் தஞ்சைக் கழனியிலிருந்து வந்தவர், ஒருவர் அருகிலுள்ள கிருட்டிணகிரிச் சிற்றூரினர். அண்டை வீட்டார் பெயர் தெரியாத குடியிருப்பில் வாழ்பவர்கள். இவர்களை ஒருவரோடொருவர் முகமறியச் செய்த இடம் ஞாயிற்றுக்கிழமைக் கோயில். இங்கே முறை தலைகீழாயிற்று: கூரை முதலில் எழுந்தது, உறவு அதன் கீழ் வளர்ந்தது. இதுவே யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விழைவது. சிற்றூரிற் கோயில் ஊரின் விளைவு. தொழில் நகரத்தில் ஊரே கோயிலின் விளைவு.

திருச்சபைச் சட்டமும் ஏறக்குறைய இதே காலத்தில் இத்திசையில் நகர்ந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு மறைமாவட்டத்தின் நிலத்தைப் பகுத்துப் பகுத்துப் பங்குகளை வரையறுத்தது. பங்கு என்றால் முதலில் ஓர் எல்லை. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்போ பங்கினை ஒரு நம்பிக்கையாளர் சமூகம் என வரையறுத்து, எல்லையைப் பின்னரே கூறுகிறது. நிலம் முன்னும் மக்கள் பின்னுமாக இருந்த வரையறை, மக்கள் முன்னும் நிலம் பின்னுமாக மாறிற்று. பெயர்ந்து வாழும் மக்கள் உலகெங்கும் பெருகிய நூற்றாண்டில் இம்மாற்றம் நேர்ந்தது வியப்பன்று.

ஆலைத் தொழிலாளர் வேலை முறையும் வழிபாட்டு முறையை மாற்றியது. முன்னாளில் பூசை காலையிலேதான் நடக்கும். நற்கருணை பெறுவோர் நள்ளிரவு முதல் நீரும் அருந்தாது நோன்பிருத்தல் வேண்டும். இரவுப் பணி முடித்து வருபவர்க்கு இஃது இயலாத காரியம். 1953-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை இந்நோன்பைத் தளர்த்தி, மாலைப் பூசைக்கும் இடம் தந்தது. தொழிற்சாலைகளில் மாறி மாறி இரவும் பகலும் உழைப்போரை அவ்வாணை வெளிப்படையாகவே சுட்டுகிறது. அவரே 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். 1967-இல் சனிக்கிழமை மாலைத் திருப்பலியை ஞாயிற்றுக்கடனுக்கு ஈடாகக் கொள்ளும் உரிமை விரிவாக்கப்பட்டது. ஓசூர் போன்ற நகரில் இவ்வாணைகள் இன்றேல் மூன்று முறைப்பணியில் உழலும் தொழிலாளர் பலர்க்குக் கோயிற் கதவு மூடியே இருந்திருக்கும். ஒரு கட்டடம் வீடாவதற்குக் கதவு திறந்திருக்கும் நேரமும் காரணமாகும்.

இனி மொழி பற்றிய சிக்கல். இலத்தீன் வழிபாட்டு மொழியாக இருந்தவரை அஃது எவர்க்கும் வீட்டு மொழி அன்று. ஆதலின் எவரும் பிறரைக் குறைகூற வழியில்லை. 1963 திசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு மக்கள் மொழிக்கு வாயில் திறந்தது. தமிழில் திருப்பலி ஒலித்தது. கோயில் உண்மையிலேயே இல்லமாயிற்று. ஆனால், தமிழர்க்கு இல்லமான அதே நொடியில், அதே கூரையின் கீழ் இருந்த கன்னடர்க்கும் தெலுங்கர்க்கும் மலையாளிகட்கும் அது பிறர் வீடாகத் தோன்றலாயிற்று. எல்லைக்கு அப்பால், பெங்களூர் உயர்மறைமாவட்டத்தில், கன்னடத்துக்கும் தமிழுக்கும் இடையே வழிபாட்டு மொழி பற்றி எழுந்த பூசல் பல்லாண்டு நீடித்துப் பலர் மனத்தைப் புண்படுத்தியது. அங்கே தமிழர் எண்ணிக்கையால் மிக்கவராயினும் நிலத்துக்குரியவர் அல்லர் என்பது எதிர்த்தரப்பார் வாதம். கோயிலை எழுப்பியவர் தாமே என்பது தமிழர் வாதம். கோயில் நிலத்துக்கு உரியதா, கூடும் மக்களுக்கு உரியதா என்னும் முற்கூறிய வினாவே இங்கு வேறுருவில் நிற்கக் காண்க. இருதரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் சிவாசிநகர்க் கோயிலின் வரலாற்றை அறிந்தவர் தமிழரை வந்தேறிகள் எனத் தள்ளிவிடுதல் எளிதன்று என்பதே எம் கருத்து. அவ்வளவுகோலையே ஓசூருக்கும் வைத்துப் பார்த்தல் நேர்மை. இங்கே நிலத்துக்குரியவர் தமிழர் எனச் சொல்லிக் கன்னடம், தெலுங்கு பேசுவோர்க்கு ஒரு திருப்பலி நேரத்தையும் மறுப்போமாயின், பெங்களூரில் நாம் கேட்ட நியாயம் நம் வாயிலேயே பழுதாகும்.

ஓசூரில் மற்றொரு புதுமையும் நிகழ்ந்தது. 2017 அக்டோபர் 10-இல் பிரான்சிசு திருத்தந்தை சீரோ மலபார் திருச்சபைக்கென ஓசூர் மறைமாவட்டத்தை நிறுவினார். கேரளத்திலிருந்து வந்து சென்னையிலும் வட தமிழ்நாட்டிலும் வாழும் அத்திருச்சபையினர்க்காக அமைந்தது அது. இலத்தீன் முறையினர்க்குத் தருமபுரி ஆயர். சீரோ மலபார் முறையினர்க்கு ஓசூர் ஆயர். ஒரே நகரம், ஒரே விசுவாசம், இரண்டு மறைமாவட்டங்கள். நிலத்தை எல்லையாகக் கொண்ட பழைய கணக்கில் இதற்கு இடமில்லை. மக்களை முதலாகக் கொண்ட கணக்கில் இஃது இயல்பே. புதிய ஊர் எனப் பெயர் பூண்ட நகரம் ஒரு மறைமாவட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தது. முந்நூறாண்டுப் பழமையுடைய ஊர்ப்பங்குகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை என்பதையும் குறிப்பிடல் தகும்.

அன்பியம் எனப்படும் சிறு குழுக்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தெருவிலோ குடியிருப்பிலோ உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒருவர் வீட்டில் கூடித் திருநூல் வாசித்துச் செபிக்கும் அமைப்பு இது. தமிழ்நாட்டுப் பங்குகளில் பெரிதும் பரவியது. கோயிலில் அறிமுகமானவர் வீட்டில் நெருங்குகின்றனர். முதல் நூற்றாண்டுகளில் கிறித்தவர் வீடுகளிலேயே கூடினர். யூப்ரடீசு ஆற்றங்கரைத் தூரா யூரோப்பசு நகரில் அகழ்ந்தெடுத்த மூன்றாம் நூற்றாண்டு வழிபாட்டிடம், வாழ்ந்த வீடு ஒன்றை மாற்றியமைத்ததே. வீடு கோயிலான வரலாறும் கோயில் வீட்டுக்குத் திரும்பிய வரலாறும் ஒரு வட்டமாக நிற்கின்றன.

எனினும், வந்து குடியேறியவர் புதிய கோயிலை முழுமையாகத் தம் வீடாக ஏற்றனர் என்று எப்போது சொல்லலாம்? இதற்கு இரண்டு அளவைகள் உள. ஒன்று கல்லறை. நகரில் வாழ்வோர் இறந்தால் உடலைச் சொந்த ஊருக்கு எடுத்துச் செல்வது முதல் தலைமுறையின் வழக்கம். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்ற எவ்வூருக்குச் செல்கிறார்களோ அவ்வூரே அவர் உள்ளத்தில் ஊர். பெற்றோரைப் புதிய மண்ணில் அடக்கம் செய்த தலைமுறை வேரூன்றிய தலைமுறை. நடுகற்கள் நிறைந்த கிருட்டிணகிரி வட்டாரத்தில், இறந்தோர் கிடக்கும் இடமே உரியோர்க்கு ஊர் என்னும் உணர்வு புதிதன்று.

மற்றோர் அளவை பங்குப் பதிவேடு. 1563-இல் திரிதெந்துச் சங்கம் திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குத்தந்தையர் எழுதி வைக்க ஆணையிட்டது. 1907-இல் பத்தாம் பத்திநாதர் காலத்தில் வந்த திருமணச் சட்டம் ஒரு நுட்பமான ஏற்பாட்டைச் செய்தது: ஒருவர் எவ்வூரில் மணம் புரிந்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள பதிவின் ஓரத்தில் குறிக்கப்படுதல் வேண்டும். இன்றைய சட்டமும் இதனையே கூறும். மணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இருவர் பங்கிலும் 'ஓலை' வாசிப்பர். பனையோலை மறைந்து அச்சுத்தாள் வந்து நூற்றாண்டு கடந்தும் சொல் மாறவில்லை. இவ்வகையால் ஓசூர்த் தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓசூரிலேயே மணம் முடித்த ஒருவரின் பெயர் கோவிலூரிலோ கன்னியாகுமரிக் கடற்கரையிலோ உள்ள ஏட்டில் தொடர்ந்து எழுதப்பட்டு வந்தது. உடல் நகரத்தில், பெயர் ஊர்க்கோயிலில். முதல் தலைமுறையினர்க்கு இரண்டு வீடுகள் இருந்தமைக்கு இதனினும் சிறந்த ஆவணச் சான்று வேண்டா.

1980-களிலும் 1990-களிலும் ஓசூரில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைகள் இன்று முப்பதும் நாற்பதும் கடந்தவர்கள். அவர்களுட் சிலர் சென்னைக்கும் புனேக்கும் வளைகுடா நாடுகட்கும் தொழில் தேடிச் சென்றுள்ளனர். அவர்கள் எவ்வூரில் மணம் புரியினும் அக்குறிப்பு ஓசூர்ப் பதிவேட்டிற்கே வந்து சேர்தல் வேண்டும்.